தாயும் பிள்ளையும் என்றாலும்...



"தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு" என்று எமது ஊர்களில் ஒரு பழமொழி உண்டு. பெரும்பாலும் ஒருவரைக் குத்திக் காட்டுவதற்கே இதைச் சொல்கிறோம். ஆனால் ஆறுதலாக யோசித்தால் அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. தாய்க்கும் பசிக்கும், பிள்ளைக்கும் பசிக்கும். ஒன்றுக்காக மற்றதை மறந்துவிட முடியாது. இந்த மாதம் நான் எழுத வந்த விடயம் இதுதான்: தாயின் பெயரில் உள்ள வீட்டை வளர்ந்த பிள்ளை வாடகைக்கு எடுத்து, அதன் அறைகளை வேறு ஆட்களுக்கு வாடகைக்கு விடுவது.

சென்ற இதழில் சீட்டுப் பிடிப்பது பற்றி எழுதியபோது, எழுத்தில் இல்லாத கணக்கு உறவைக் கெடுக்கும் என்று சொல்லியிருந்தேன். அதைப் படித்த சில சகோதரிகள், "சீட்டை விடுங்கோ, எங்கட வீட்டுக்குள்ளேயே இந்தப் பிரச்சினைதான்" என்றார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

யுத்தம் எம்மிடமிருந்து நகை, கால்நடை, தொழில், ஆட்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. பல பெண்களிடம் எஞ்சியிருப்பது ஒரு வளவும் அதிலுள்ள வீடும்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974 இல் திருநெல்வேலியில் ஒரு வளாகமாகத் தொடங்கியதிலிருந்து, அதைச் சுற்றியுள்ள திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பகுதிகளில் மாணவர்களுக்கு அறை கொடுப்பது ஒரு வாழ்வாதாரமாகவே வளர்ந்துவிட்டது. வந்தாறுமூலையிலும், கிளிநொச்சி அறிவியல்நகரிலும், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும் இதே நிலைமைதான். விடுதியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் வெளியே அறை தேடுகிறார்கள். அறை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது சோறு போடுகிறது.

நான் அறிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். தாய், மகள் இருவரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

தாய்க்கு வயது எழுபத்தொன்று. பல்கலைக்கழகத்தை அண்டிய ஒரு குறிச்சியில், அவருக்குச் சீதனமாக வந்த வளவில் ஐந்து அறைகளுள்ள வீடு. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் விட்டுப் போய், அடுத்த வருடம் திரும்பி வந்தபோது பாதிக் கூரை இல்லை. கணவர் பிறகு நோயில் இறந்துவிட்டார். மூத்த மகன் வெளிநாட்டில். நடு மகள் வன்னியில் திருமணம் செய்தவர். 2009 இல் கணவரை இழந்து, முகாமில் இருந்து, இரண்டு சிறு பிள்ளைகளோடு தாயிடம் வந்து சேர்ந்தார். இளைய மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது தாய் உதவிக்கென்று கொக்குவிலுக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டார்.

நடு மகள் தாயிடம் கேட்டார்: "அம்மா, வீட்டை என்னட்டை வாடகைக்குத் தாங்கோ. நாலு அறையைப் பெட்டையளுக்குக் குடுத்திட்டு, ஒண்டில நானும் பிள்ளையளும் இருக்கிறம். உங்களுக்கு மாசம் இருபதாயிரம் தாறன்." தாய் சம்மதித்தார். எல்லாம் வாய்ப்பேச்சுத்தான். "பெத்த பிள்ளையோட என்ன கடதாசி" என்று நினைத்திருக்கிறார்.

ஒரு வருடம் நன்றாகப் போனது. அறைக்கு இருவராக எட்டு மாணவிகள் வந்தார்கள். ஒருவருக்கு மாதம் 6,500 ரூபா. பிறகு ஒரு நாள் வெளிநாட்டிலிருந்து அண்ணன் தொலைபேசியில் கணக்குப் பார்த்திருக்கிறார். "எட்டுப் பேரென்றால் 52,000. அம்மாவுக்கு 20,000. மிச்சம் 32,000 ஐ அவள் எடுக்கிறாள். வீட்டுக்கு ஓடு போட்டது நான்." இந்தப் பேச்சு தாயின் காதில் விழுந்து, தாயின் முகம் மாறி, அது மகளின் மனதைச் சுட்டுவிட்டது. தாயும் மகளும் மூன்று மாதம் கதைக்கவில்லை.

மகளைச் சந்தித்தபோது அவர் சொன்னது: "அம்மா கேட்ட காசை ஒரு மாசமும் பிந்தாமல் குடுக்கிறன் அக்கா. பிறகும் கள்ளி மாதிரிக் கதைக்கினம்."

தாய் சொன்னது: "அவள் பாவம்தான் பிள்ளை. ஆனால் மருந்து வாங்கவும் நான் ஒருத்தரிட்டயும் கை நீட்டக்கூடாது எண்டுதானே இந்த வீட்டை வச்சிருக்கிறன். எனக்கும் ஒரு நியாயம் வேணுமெல்லே?"

இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. இருவரிடமும் ஒரு கணக்கு இல்லை, அவ்வளவுதான். ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து, இருவரையும் ஒரு மேசையில் இருத்தி, மகளின் வாயிலிருந்தே எழுதினோம். வரவு 52,000. தாய்க்கு 20,000. மின்சாரத்துக்கும் தண்ணீர் மோட்டருக்கும் 9,000. கட்டில், மெத்தை, மேசை வாங்கிய கடனுக்கு மாதத் தவணை 6,000. பல்ப், பைப், துப்புரவுச் சாமான், சிறு திருத்தம் என்று 3,000. ஆக 38,000 போக, மிச்சம் 14,000. அதுவும் எட்டுப் பேரும் இருக்கும் மாதத்தில்தான். விடுமுறையில் பிள்ளைகள் ஊருக்குப் போனால், சோதனை முடிந்து ஓர் அறை வெறுமையாகக் கிடந்தால், அதுவும் குறையும்.

அந்த 14,000 ரூபாவுக்கு மகள் செய்யும் வேலை என்ன? விடிய எழும்பித் தண்ணீர் ஏற்றுவது, குளியலறை கழுவுவது, நூலகத்தால் பிந்தி வரும் பிள்ளைக்கு விழித்திருந்து படலை திறப்பது, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, தகப்பன்மாரின் தொலைபேசிக்கு மறுமொழி சொல்வது. ஒரு விடுதியில் இவற்றைச் செய்பவருக்குச் சம்பளம் உண்டு. வீட்டில் செய்யும் மகளுக்கு "சும்மா இருந்து வாடகை எடுக்கிறாள்" என்ற பேர்தான். சமூகவியல் படித்த காலத்தில் ஊதியமற்ற உழைப்பு என்று கொப்பியில் எழுதிப் பரீட்சையில் சித்தியடைந்தேன். அதன் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது இப்படியான குசினிகளில் இருந்துதான். வெளிநாட்டிலிருந்து வரும் காசு எல்லோருடைய கண்ணுக்கும் தெரிகிறது. வீட்டில் நிற்கும் பெண்ணின் கைவேலை தெரிவதில்லை. கொப்பியில் எழுதிய பிறகுதான் அதுவும் தெரிகிறது.

அதே வேளை தாயின் பக்கமும் எழுதப்பட வேண்டும். வீடு அவருடைய முதல். ஓடு உடைவது, சுவர் வெடிப்பது, மலசலகூடக் குழி நிரம்புவது எல்லாம் அந்த முதலின் தேய்மானம். எட்டுப் பேர் பாவிக்கும் வீடு நான்கு பேர் பாவிக்கும் வீட்டை விடக் கெதியாகப் பழுதாகும். ஆகவே 20,000 ஐயும் "மகள் தருகிற உதவி" என்று நினைக்கக்கூடாது. அது தாயின் உரித்து. கேட்டு வாங்குவதற்கு அவர் கூச வேண்டியதில்லை.

கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்டது இதுதான். வாடகை 20,000 ஆகவே இருக்கும். ஒவ்வொரு மாதமும் 5 ஆம் திகதிக்கு முன் தாயின் வங்கிக் கணக்கில் போடப்படும். அதில் 2,000 ஐ தாய் பெரிய திருத்தங்களுக்கென ஒதுக்கி வைப்பார். கட்டில் கடன் முடிந்த பிறகு, மிஞ்சும் 6,000 இல் பாதி வாடகையோடு சேரும். அண்ணனுக்குக் கொப்பியைப் படம் பிடித்து அனுப்பினார்கள். ஓட்டுக்கு அனுப்பிய காசு கடனா, அன்பளிப்பா என்று தாயே அவரிடம் கேட்டார். "கடன் என்று சொல்லேல்லையே அம்மா" என்றாராம். அவர் தங்கையோடு இன்னும் முன்போலக் கதைப்பதில்லை. ஆனால் தாயும் மகளும் கதைக்கிறார்கள்.

எல்லாக் குடும்பத்திலும் இப்படி முடிவதில்லை. வேறொரு தாயின் மகன், இதே போல வீட்டை எடுத்து அறைகளை விட்டு, ஒவ்வொருவரிடமும் மூன்று மாத முற்பணம் வாங்கிக்கொண்டு, ஏஜென்சிக்குக் கட்டி வெளிநாடு போய்விட்டார். முற்பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பிள்ளைகள் வந்து நின்றது தாயின் வாசலில். அவரிடம் ஒரு சதமும் இல்லை, எந்தக் கடதாசியும் இல்லை. தோட்டில் ஒரு சோடியை விற்றுக் கொடுத்தார்.

இனி, நாம் அறிந்திருக்க வேண்டிய சட்ட விடயங்கள் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வீடு யாருடையது என்று பாருங்கள். "அம்மாவின் வீடு" என்று சொல்வதற்கும் உறுதியில் உள்ளதற்கும் வித்தியாசம் இருக்கலாம். தேசவழமைச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு, சீதனமாக வந்தது பெண்ணின் சொந்தச் சொத்து. ஆனால் திருமணத்தின் பின் தேடிய தேட்டமாக இருந்தால், கணவர் இறக்கும்போது அவருடைய பங்கில் மனைவிக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் உரித்து வருகிறது. கிழக்கிலும் பொதுச்சட்டத்தின்படி பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. முஸ்லிம் சகோதரிகளுக்கு வாரிசுரிமைச் சட்டம் வேறு. பங்காளிகளான பிள்ளைகள் இருந்தால், ஒருவருக்கு வீட்டைக் கொடுக்கும்போது மற்றவர்களின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குவது நல்லது.

தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தனது அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவைப்படுகிறது. நீண்டகாலக் குத்தகை எழுதும்போதும் நொத்தாரிசு இதைக் கேட்கக்கூடும். கணவர் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது இருக்குமிடம் தெரியாவிட்டால், மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம். கணவர் காணாமல் ஆக்கப்பட்டு உறுதி அவர் பெயரிலேயே கிடக்கும் சகோதரிகள் பலர் இருக்கிறீர்கள். "மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் வழியோ?" என்று கண்ணீரோடு கேட்கிறீர்கள். 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி, அவர் இறந்துவிட்டார் என்று சொல்லாமலேயே, காணாமற்போனதற்கான சான்றிதழைப் பெற வழி இருக்கிறது. வீட்டைப் பற்றி எதையும் எழுதுமுன் ஒரு சட்டத்தரணியிடம் அதைக் கேளுங்கள்.

அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியில், அதாவது நாம் பேர்மிற் காணி என்று சொல்வதில், வீடு இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட காணியை எமது விருப்பப்படி குத்தகைக்குக் கொடுக்க முடியாது. பிரதேச செயலகத்தில் கேட்ட பின்பே எதையும் செய்ய வேண்டும்.

இரண்டாவது, கடதாசியின் பெறுமதி. 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் எமது காணி விவகாரங்களை ஆள்கிறது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். வெள்ளைக் கடதாசியில் இருவர் கையெழுத்து வைத்து "மூன்று வருடத்துக்கு" என்று எழுதினாலும், அந்த மூன்று வருடத்துக்குச் சட்டத்தில் உறுதி இல்லை. மாதாந்த வாடகை என்ற ஒழுங்குக்கும், யார் எதற்கு ஒத்துக்கொண்டார் என்பதற்கும் அது சாட்சியாக உதவும். நொத்தாரிசு முன் எழுதிய குத்தகையாக இருந்தால், காலம் முடிந்தும் வீடு திரும்பக் கிடைக்காதபோது அதைச் சுருக்கமான வழியில் மீட்பதற்கென 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

மூன்றாவது, கீழ்வாடகை. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் பொருந்தும் வீடுகளில், வீட்டுக்காரரின் எழுத்துமூல முன்அனுமதி இல்லாமல் வாடகைக்காரர் இன்னொருவருக்கு வாடகைக்கு விட முடியாது. விட்டால் இருவரையும் எழுப்ப வழக்குப் போடலாம். இது மகளுக்கும் முக்கியம். "அம்மாவுக்குத் தெரியும்தானே" என்பது போதாது. தாய் மனம் மாறினால், அல்லது தாயின் காலத்துக்குப் பிறகு சகோதரர் கேட்டால், அனுமதி எழுத்தில் இருக்கிறதா என்பதே கேள்வியாகும்.

நான்காவது, பத்து வருடப் பயம். "பத்து வருடம் இருந்தால் ஆட்சி உறுதி முடித்துவிடுவான்" என்று பல தாய்மார் பயப்படுகிறார்கள். 1871 ஆம் ஆண்டின் சட்டம் கேட்பது, உரித்தாளிக்கு எதிராகத் தனக்கென்று தடையின்றிப் பத்து வருடம் ஆண்டிருப்பதை. அனுமதியோடும் வாடகை கொடுத்தும் இருப்பவர், இருந்த காலத்தை மட்டும் காட்டி உரித்தாளி ஆகிவிட முடியாது. ஆனால் அனுமதியைக் காட்ட ஒரு கடதாசியும், வாடகையைக் காட்டப் பற்றுச்சீட்டும் வேண்டுமல்லவா?

ஆகவே தாயும் பிள்ளையும் எழுத வேண்டியவை:

1. வீட்டின் விபரம், உரித்தாளியின் பெயர், தொடங்கும் திகதி, முடியும் திகதி.

2. மாத வாடகை எவ்வளவு, எந்தத் திகதிக்கு, எந்தக் கணக்கில். அறை வெறுமையாக இருக்கும் மாதத்தில் குறைப்பு உண்டா, இல்லையா.

3. எத்தனை அறைகளைக் கீழ்வாடகைக்கு விடலாம், மொத்தம் எத்தனை பேர். அந்த வீட்டில் தாய்க்கென்று ஓர் அறை வைக்கப்படுமா.

4. முற்பணம் யார் கையில் இருக்கும். என்னைக் கேட்டால், அதை இருவர் பெயரிலும் ஒரு கணக்கில் போடுவதே பாதுகாப்பு. அது திருப்பிக் கொடுக்க வேண்டிய காசு, வருமானம் அல்ல.

5. சிறு திருத்தம் யார், பெரிய திருத்தம் யார். மின்கட்டணம் யார். பாவிக்கும் அலகு கூடக்கூட விலையும் ஏறுவதால், ஒரே மீற்றரில் எட்டுப் பேர் இருக்கும்போது பில் நாம் நினைப்பதை விட அதிகமாக வரும்.

6. தாயின் அனுமதியின்றிச் சுவர் இடிக்கவோ, புது அறை கட்டவோ, ஈடு வைக்கவோ கூடாது. அனுமதியோடு கட்டினால் அந்தச் செலவு எப்படிக் கழிக்கப்படும்.

7. இருவரில் ஒருவருக்கு ஏதும் நடந்தால், அல்லது விலக விரும்பினால், எத்தனை மாத முன்னறிவித்தல்.

பிள்ளைக்கு வீட்டை எழுதிக் கொடுக்கும் எண்ணம் இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். கொடுப்பதென்றாலும் சீவிய உருத்தை வைத்துக்கொண்டு எழுதுவது எமது முன்னோர் காட்டிய வழி. வாழும்வரை அந்த வீட்டின் வாடகையும் உங்களுக்கு வரும்.

இந்த ஒழுங்குக்குள் மூன்றாவது ஒரு தரப்பும் இருக்கிறது. அறையில் இருப்பவர்கள் மன்னாரிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் மலையகத்திலிருந்தும் முதல் தடவையாக வீட்டை விட்டு வந்த பிள்ளைகள். அவர்களுடைய தாய்மாரும் எம்மைப் போல அடுக்கிச் சேர்த்துத்தான் வாடகை அனுப்புகிறார்கள். அவர்களுக்கும் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். கதவுக்கு உள்பூட்டு இருக்கட்டும். கேட்காமல் அறைக்குள் போக வேண்டாம். தாய்க்கும் மகளுக்கும் இடையிலான கோபத்தை அவர்கள் முன் காட்ட வேண்டாம். யார் வீட்டுக்காரர், எதற்கு யாரிடம் போக வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பிணக்கு வந்துவிட்டால், உடனே வழக்கு என்று ஓட வேண்டியதில்லை. 1988 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான மத்தியஸ்த சபை உங்கள் பகுதியில் இருக்கிறது. அங்கே பேசித் தீர்க்க முயற்சிக்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட நிலையத்துக்குப் போகலாம். பிள்ளை வீட்டையும் வைத்துக்கொண்டு பெற்றோரையும் கவனியாமல் விட்டால், 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 60 வயதுக்கு மேற்பட்டவர் பராமரிப்புச் சபையில் முறையிட முடியும். வெட்கப்பட வேண்டியவர் கேட்பவர் அல்ல.

"பிள்ளையிட்ட கையெழுத்து வாங்கினால் சனம் என்ன சொல்லும்?" என்று கேட்கும் அம்மாமாரிடம் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பதுண்டு: பிள்ளைக்குச் சீதன உறுதி முடித்தபோது நொத்தாரிசிடம் போகவில்லையா? அதை யாரும் நம்பிக்கையீனம் என்று சொல்லவில்லையே. கொடுக்கும்போது எழுதுகிறோம். வாங்கும்போதும் எழுதலாம்.

இந்த மாதம் செய்யக்கூடியது ஒன்று. இருபது ரூபா கொப்பி கிடைக்காத காலம் இது, வீட்டில் பிள்ளையின் பழைய கொப்பியில் மிஞ்சிய தாள்கள் போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. மாதக் கடைசியில் தாயும் பிள்ளையும் சேர்ந்திருந்து கூட்டி, இருவரும் கையெழுத்து வையுங்கள். மூன்று மாதம் அப்படிச் செய்த பிறகு உறுதியையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு சட்ட உதவி நிலையத்துக்குப் போனால், உங்கள் ஒப்பந்தத்தை எழுதுவதற்கு வேண்டிய எல்லாமே கையில் இருக்கும்.